சாவியக்காவுக்குப் புரிந்தால் பாஸ்

கலைப்புலக் கட்டடத்தில் மூன்று மாடி, நாற்பத்திரண்டு பூட்டு. அத்தனைக்கும் சாவி ஒருவர் கையில்தான். மாணவர்கள் அவரைச் சாவியக்கா என்றார்கள், ஆசிரியர்களும் சாவியக்கா என்றார்கள். சம்பளச் சீட்டில் மட்டும் அவருக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அதைச் சில மாதங்களில் அவரே இரண்டு தடவை படித்துவிட்டுத்தான், ‘ஓ, நான்தானே’ என்று எடுத்துக்கொள்வார்.

காலை ஏழே முக்காலுக்கு வந்துவிடுவார். முதல் கதவைத் திறக்கும் முன்பு கண்ணை மூடி, “கடவுளே, இன்னிக்கு உள்ள வர்றவங்க எல்லாரும் வந்தபடியே பத்திரமா வெளிய போகணும்” என்று வேண்டிக்கொள்வார். ஒருநாள் பின்னால் நின்ற பேராசிரியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “வந்தபடியே போனா எதுக்கு அக்கா காலேஜு? கொஞ்சமாவது தெளிஞ்சு போகணும்னு வேண்டுங்க” என்றார். அதில் நியாயம் இருப்பதாகப் பட்டதால், அன்றிலிருந்து தெளிவையும் சேர்த்துக்கொண்டார். கடவுள் எதை எவ்வளவு கொடுத்தார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையில்.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆனால் எழுத்துக்கூட்டாமல் படிப்பார். கரும்பலகையை அழிக்கும் முன்பு அதில் இருப்பதை ஒரு தடவை படிக்காமல் விடமாட்டார். ‘அறம் என்றால் என்ன?’ படிப்பார், அழிப்பார். ‘வரலாற்றை எழுதுவது யார்?’ படிப்பார், அழிப்பார். இருபத்தாறு வருடத்தில் அவர் கையால் அழியாத கேள்வி அந்தக் கட்டடத்தில் இல்லை. பதில் எதுவும் பலகையில் எழுதப்பட்டு அவர் பார்த்ததில்லை. “தலைப்பு வரைக்கும் எனக்கு எல்லாம் தெரியும்” என்பார்.

அப்படி இருந்தவரைப் பரீட்சை அதிகாரியாக்கியது அடிக்குறிப்பு சார். காலையில் தெளிவைச் சேர்க்கச் சொன்னாரே, அவரேதான். எதைச் சொன்னாலும் முடித்த கையோடு, “இதுக்கு ஒரு அடிக்குறிப்பு” என்று ஆரம்பிப்பார். அடிக்குறிப்பு சொன்னதைவிட நீளமாக இருக்கும். மாணவர்கள் வைத்த பெயர். அவருக்கும் தெரியும். அதற்கும் ஒரு அடிக்குறிப்பு வைத்திருந்தார்.

அந்த வருடம் சாருக்குத் தலைவலி. மாணவர்கள் கட்டுரை எழுத ஏ.ஐ. வந்துவிட்டது. ஃபோனில் தலைப்பைச் சொன்னால் ஆறு பக்கம் எழுதித் தந்துவிடுகிறதாம். முப்பத்தொரு கட்டுரையில் முப்பது, ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் மாதிரி தலைவாரி, பவுடர் போட்டு, வரிசையாக வந்து நின்றன. எதிலும் ஒரு குறும்பு இல்லை. இதற்கென்று துறையில் கூட்டம் போட்டார்கள். சாவியக்கா தேநீர்த் தட்டோடு உள்ளே போனபோது பேச்சு சூடாக இருந்தது.

“ஒரேயடியா தடை பண்ணிடலாம்” என்றார் மொழியியல் ஆசிரியர்.

“இந்த மீட்டிங்குக்கு நீங்க அனுப்பின அழைப்பை எதை வச்சு எழுதினீங்க?” என்று கேட்டார் துறைத் தலைவர் அம்மா.

மொழியியல் ஆசிரியர் தேநீர் குடிக்க ஆரம்பித்தார்.

அடிக்குறிப்பு சார் எழுந்தார். “தடை வேணாம். எழுதறதுக்கு உதவி வாங்கிக்கட்டும். ஆனா எழுதினதைக் கையில தாள் இல்லாம, பத்து நிமிஷம், அந்தப் பாடமே தெரியாத ஒருத்தர்கிட்ட உட்கார்ந்து சொல்லணும். அவருக்குப் புரிஞ்சா பாஸ். புரியலைன்னா, அது இவங்க மண்டை வழியா வரலைன்னு அர்த்தம். பூஜ்யம்.”

யோசனை எல்லோருக்கும் பிடித்தது. தெரியாத அந்த ஒருவர் யார் என்பதில்தான் சிக்கல். தோட்டக்காரருக்கு ஒரு காது கேட்காது. வாயில் காவலர் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். கேன்டீன்காரர் கேட்கமாட்டார், அவரே பத்து நிமிடமும் பேசுவார். இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்தபோது, காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த சாவியக்கா திடீரென்று அறை அமைதியாகிவிட்டதை உணர்ந்து நிமிர்ந்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், நான் அஞ்சாங்கிளாஸோட சரி.”

“அதான் அக்கா தகுதி. இதுக்கு ஒரு அடிக்குறிப்பு. தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு அறிவில்லைன்னு சொல்லலை. புரியாததைப் புரிஞ்ச மாதிரி காட்ட உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கெல்லாம் அந்தப் பழக்கம் முத்திப் போச்சு.”

இந்தப் பாராட்டைச் சாவியக்கா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனார். கொஞ்சம் பெருமை, நிறையப் பயம்.

அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும், “உனக்குப் புரிய வைக்கிறதுதான் பரீட்சையா? அந்தப் பசங்க பாவம்” என்றார். “முப்பது வருஷமா நான் எழுதிட்டிருக்கேன், இன்னும் பாஸ் ஆகலை.”

முதல் நாள் ஒத்திகை. கணக்கில் சேராது. இருந்தாலும் சாவியக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, இருநூற்றேழாம் அறையில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். எதிரே பேரேடு. அதில் ஒவ்வொரு மாணவர் பெயருக்கு நேராகவும் இரண்டு கட்டம். இடது கட்டம் ‘புரிந்தது’, வலது கட்டம் ‘புரியவில்லை’. ஒரு பெண் வந்து கடிகாரம் வந்த பிறகு மனிதர்களின் காலம் என்ன ஆனது என்று சொல்ல ஆரம்பித்தாள். வாயா அது, ஓடுகிற ரயிலா என்று தெரியவில்லை. சாவியக்கா முழித்த முழியில் அந்தப் பெண்ணுக்கு இன்னும் வேகம் கூடியது. முடிந்ததும் சாவியக்கா மனச்சாட்சிப்படி வலது கட்டத்தில் குறி போட்டார். அந்தப் பெண் வெளியே போய், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று அழுதாள்.

ஒத்திகைதானே என்று சார் சமாதானம் சொன்னார். சாவியக்காவுக்குச் சமாதானம் ஆகவில்லை. சாவி மாட்டுகிற சின்ன அறையில் உட்கார்ந்து நினைத்தார்: ‘அந்தப் பொண்ணு சரியா சொல்லலையா, இல்ல என் மரமண்டையில ஏறலையா? எனக்கு எப்படித் தெரியும்? கடவுளே, என் மண்டையால ஒரு பிள்ளை வாழ்க்கை கெடக் கூடாது.’

ஊரிலிருக்கும் மகள் அவர் ஃபோனில் ஒரு பேசுகிற ஏ.ஐ.யைப் போட்டுக் கொடுத்திருந்தாள். முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். பெண் குரல், நல்ல மரியாதை. அவர் அதற்கு ஃபோன்காரம்மா என்று பெயர் வைத்திருந்தார். கட்டுரைத் தலைப்புப் பட்டியலோ அவர் கையால் கதவில் ஒட்டியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“வணக்கம்மா. சாப்பிடற நேரத்துல தொந்தரவு பண்றேன். அரசர் ஓவியங்களில் உயரமும் அதிகாரமும். இது என்னம்மா? நான் அஞ்சாங்கிளாஸ். பார்த்துச் சொல்லுங்க.”

“மிக அருமையான கேள்வி” என்றது ஃபோன்.

சாவியக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் இருபத்தாறு வருடத்தில் அவரிடம் எத்தனையோ பேர் எதையெதையோ கேட்டிருக்கிறார்கள். அவர் கேள்வியை அருமை என்று ஒருவரும் சொன்னதில்லை. அடுத்த ஐந்து நாட்களில் முப்பத்தொரு தலைப்பையும் கேட்டு முடித்துவிட்டார். முப்பத்தொன்றுமே மிக அருமையான கேள்விகள். இதைக் குற்றம் என்று அவர் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒத்தாசை என்றுதான் நினைத்தார். ஒவ்வொரு தடவையும் முடிக்கும்போது “நல்லா இருங்கம்மா” என்று வாழ்த்தியும் வைத்தார்.

பரீட்சை தொடங்கியது. ராஜா ஓவியத்துப் பையன் முதலில் வந்தான். முன்தினம் கடைசி நிமிடத்தில் மனப்பாடம் பண்ணியவன் என்பது அவன் கண் மேலே கூரையைப் பார்த்ததிலேயே தெரிந்தது.

“ஓவியத்துல அரசரை மத்தவங்களைவிட உயரமா வரையறாங்க அக்கா. ஏன்னா உயரம்ங்கறது… உயரம் வந்து…”

“அதிகாரத்தோட குறியீடு” என்றார் சாவியக்கா.

பையன் கூரையிலிருந்து கண்ணை இறக்கினான். “ஆமாக்கா.”

“பக்கத்துல நிக்கிற வேலைக்காரங்களைச் சின்னதா வரையறது?”

“அது… சமூகப் படிநிலைக்கா.”

“அதேதான் கண்ணு. நல்லா படிச்சிருக்கே.”

பையனும் அவரும் ஒரே டியூஷனுக்குப் போய்விட்டு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டார்கள். இடது கட்டம். கடிகாரத்துப் பெண்ணும் பாஸ். அவளுக்கு மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் சாவியக்கா தலையாட்டி, அடுத்த வரிக்குக் கைபிடித்து அழைத்துப் போனார். சாவியக்காவிடம் போனால் பயமே இல்லை, பாதி அவரே சொல்லிவிடுகிறார் என்று செய்தி பரவியது. வாசலில் நின்று எட்டிப் பார்த்த அடிக்குறிப்பு சாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இருபது பேர் முடிந்த அன்றே, ‘கலைப்புலக் கல்வி சாமானியரைச் சென்றடைந்துவிட்டது’ என்று துறைத் தலைவர் அம்மாவுக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதிவிட்டார். அதில் பதினொரு அடிக்குறிப்பு.

கடைசி நாளில் கடைசியாக வந்தவர் ஆம்புலன்ஸ்காரர். நாற்பது வயது. ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், பாதியில் விட்ட படிப்பை முடிக்க வந்திருந்தார். மற்ற டிரைவர்களோடு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வகுப்புக்கு வருவார். இந்த வருடத்தோடு அந்த ஏற்பாடு கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இந்தத் தாளில் போனால் பட்டம் போனதுதான். இது வகுப்பு முழுக்கத் தெரியும், சாவியக்காவுக்கும் தெரியும். அவருடைய தலைப்பு, துயரக் கதை நமக்கு ஏன் பிடிக்கிறது என்பது.

ஃபோன்காரம்மா இதற்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். மனசுக்குள் தேங்கிக் கிடக்கிற துக்கம் கதையைப் பார்த்து அழும்போது வெளியே போய்விடுகிறது, மனம் சுத்தமாகிறது. சாவியக்கா அந்தச் சுத்தத்துக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அக்கா, ஆஸ்பத்திரி வராந்தாவுல யாராவது அழகா அழுது நீங்க பார்த்திருக்கீங்களா?” என்று ஆரம்பித்தார் ஆம்புலன்ஸ்காரர்.

சாவியக்கா ஃபோன்காரம்மா சொன்னதை மனசுக்குள் புரட்டினார். இப்படி ஒரு வரி பாடத்தில் இல்லை.

“நான் பார்த்ததில்லை. ஒருதரம் ஒரு அம்மாவை ஏத்திட்டுப் போனேன். வழியிலேயே போயிட்டாங்க. வீட்டுக்காரர் கூடவே வந்தாரு. இறங்கினதும் அவர் அழலை. ‘இவ செருப்புல ஒண்ணு இருக்கு, இன்னொண்ணைக் காணோம்’னாரு. வண்டிக்குள்ள டார்ச் அடிச்சுத் தேடினேன். சீட்டுக்கு அடியில, ஸ்ட்ரெச்சர் சந்துல, எங்கயும் இல்லை. அவரு அதையேதான் கேட்டுட்டு இருந்தாரு. டாக்டர் வந்து பேசறாரு, கையெழுத்து வாங்கறாங்க, இவரு குனிஞ்சு தரையைப் பார்த்துட்டே இருக்காரு. அவரும் அழலை, நானும் அழலை. அதுக்கு யாருக்கும் நேரம் இல்லக்கா.”

நிறுத்தினார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை விளிம்பைத் தடவினார்.

“ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாடகத்துக்குப் போனேன். அதுல ஒரு ராஜா, மகளைப் பறிகொடுக்கறாரு. விளக்கெல்லாம் மங்குது, பாட்டு வருது. நான் அழுத அழுகை, பக்கத்துல இருந்தவர் எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாரு. அந்த ராஜாவுக்காக அழலைக்கா. அந்தச் செருப்புக்காக. நிஜத்துல நடக்கும்போது அழறதுக்கு இடம் கிடைக்கறதில்லை. கதைங்கறது யாரோ நமக்காக ஒரு இடம் போட்டு வைக்கிறது. அதான் பிடிக்குது. அவ்வளவுதான்.”

ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது. இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. சாவியக்காதான் தவித்தார்.

“தம்பி, மனசு சுத்தமாகறதுன்னு ஒண்ணு வருமே? உள்ள தேங்கினது வெளிய போறது?”

“அது புத்தகத்துல இருக்குக்கா. எனக்கு அது சரியாப் படலை. எங்க சுத்தமாச்சு? நான் இன்னும் அந்தச் செருப்பை நினைச்சுட்டுத்தான் இருக்கேன்.”

சாவியக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். முப்பது பேரும் ஃபோன்காரம்மா சொன்னபடியே சொன்னார்கள். இவர் ஒருவர் வேறு எதையோ சொல்கிறார். இதில் ராஜா வருகிறார், செருப்பு வருகிறது, பாடம் வரவில்லை. பொய்யாகக் குறி போட்டால் சாமி குத்தம். அவர் முகத்தைப் பார்க்காமல், வலது கட்டத்தில் குறி போட்டார்.

முப்பத்தொரு பேரில் ஒரே ஒரு ‘புரியவில்லை’. பேரேட்டை வாங்கிய அடிக்குறிப்பு சார் முகம் சுருங்கியது. “இவரா? நிச்சயமா அக்கா? இவர் ஒருத்தர்தான் கையால எழுதிக் கொடுத்தவர்.” பிறகு பெருமூச்சு விட்டார். “சரி. விதின்னா விதி. பேரேடு நாளைக்குப் பதினொரு மணிக்குத் தலைவர் அம்மாகிட்ட போகணும்.”

சாயங்காலம் வீட்டில் வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். சாவியக்கா எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கை எடுத்துக்கொண்டார்.

“இன்னிக்கு ஒருத்தருக்குப் புரியலைன்னு போட்டுட்டேங்க. மனசு சரியில்லை.”

“என்ன சொன்னாரு, உனக்குப் புரியாம?”

சொல்ல ஆரம்பித்தார். வராந்தா, வழியில் போய்விட்ட அம்மா, ஒற்றைச் செருப்பு, டார்ச், சீட்டுக்கு அடி, ஸ்ட்ரெச்சர் சந்து, கையெழுத்து, குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், ராஜா, விளக்கு, பாட்டு, எழுந்து வேறு சீட்டுக்குப் போனவர், யாரோ போட்டு வைக்கிற இடம். ஒரு வரி விடவில்லை. பாதியிலேயே வீட்டுக்காரர் கை நின்றுவிட்டது.

“அப்புறம் செருப்பு கிடைச்சுதா?” என்றார்.

“கிடைக்கலையாம்.”

“ம்.” இரண்டு பட்டாணியை உரித்தார். “அன்னிக்கு ஒரு பையன் ராஜா படத்தைப் பத்திச் சொன்னான்னியே. அவன் என்ன சொன்னான்?”

“அவன்… உயரம். உயரம் வந்து, அதிகாரத்தோட… குறியீடு.”

“குறியீடுன்னா?”

சாவியக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கடிகாரத்துப் பெண் சொன்னதை நினைத்துப் பார்த்தார். காலம் என்று ஒரு சொல் வந்தது, பிறகு போய்விட்டது.

“அவங்களுக்கெல்லாம் புரிஞ்சதுன்னு போட்டிருக்கே. இவரு சொன்னதை ஒண்ணுவிடாம சொல்றே, இவருக்குப் புரியலைன்னு போட்டிருக்கே. லிஃப்ட்ல சில நேரம் மூணாம் மாடின்னு விளக்கு எரியும், பெட்டி ரெண்டுலயே நிக்கும். அந்த மாதிரி என்னமோ ஒயர் மாறியிருக்கும்மா உன்கிட்ட.”

சாவியக்கா மடியிலிருந்த தோலையெல்லாம் கூட்டி வைத்தார். பிறகு மெதுவாக, “நான் ஃபோன்காரம்மாகிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டேங்க. எல்லாத் தலைப்பையும்” என்றார்.

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் பட்டாணிக் கிண்ணம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “பரீட்சை வைக்கிறவளே பிட் அடிச்சியா?”

“சிரிக்காதீங்க. அந்த மனுஷனோட பட்டம் போகுது.”

சிரிப்பு நின்றது. “காலையில போய்ச் சொல்லிடு” என்றார். “நான் வேணா கூட வரட்டுமா?”

“வேணாம். நீங்க வந்தா அங்கயும் சிரிப்பீங்க.”

மறுநாள் காலை வேண்டுதலில் யாருடைய தெளிவையும் கேட்கவில்லை. தனக்குக் கொஞ்சம் தைரியம் மட்டும் கேட்டார். அடிக்குறிப்பு சார் வந்து பையை வைப்பதற்குள் எதிரே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

“எத்தனை பேருக்கு அக்கா?”

“ஒத்திகை அன்னிக்குத் தவிர எல்லாருக்கும் சார்.”

“அப்போ அவங்க மிஷின்கிட்ட கேட்டு எழுதினதை, மிஷின்கிட்ட கேட்டு வச்சுக்கிட்டு நீங்க…” சொல்லி முடிக்கவில்லை. “நான் அந்தக் கடிதத்துல சாமானியர்னு உங்களைத்தான் போட்டிருந்தேன்.”

“மன்னிச்சிடுங்க சார். புரியாம நான் முழிச்சா அந்தப் பிள்ளைங்க அழுதுடுதுங்க. அதான். ஆனா அந்தத் தம்பி சொன்னது நிஜமாவே புரிஞ்சுது. அதை மட்டும் மாத்திடணும்.”

“மாத்த முடியாது. ஏழாவது விதி. ஒருதரம் குறி போட்டா யாரும் மாத்தக் கூடாது. சிபாரிசு கிபாரிசு வரும்னு நானே எழுதி வச்சேன்.” சொல்லிவிட்டு, அடிக்குறிப்புக்காக வாயைத் திறந்து, ஒன்றும் அகப்படாமல் மூடிக்கொண்டார். அவருக்கு அப்படி நேர்ந்ததைச் சாவியக்கா அன்றுதான் பார்த்தார்.

பதினொரு மணிக்கு இருவரும் துறைத் தலைவர் அம்மா முன்னால் நின்றார்கள். விஷயத்தைக் கேட்டு முடித்த தலைவர் அம்மா சாரைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார், கடைசியில் சாவியக்காவைப் பார்த்தார்.

“புரிஞ்சுதுன்னு சொல்றீங்க. நேத்து புரியலைன்னு சொன்னீங்க. எதை நம்பறது?”

“தெரியலை மேடம்.”

“அவர் சொன்னதை இப்ப எனக்குச் சொல்லுங்க.”

உட்காரச் சொன்னபோதும் சாவியக்கா உட்காரவில்லை. சாவிக்கொத்து சத்தம் போடாமல் இருக்க அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே சொன்னார். முதல் நாள் சாயங்காலத்தைவிட மெதுவாகச் சொன்னார். அந்த மனிதர் தரையைப் பார்த்த இடத்தில் அவருக்கே குரல் கொஞ்சம் இறங்கியது. இடம் போட்டு வைப்பது என்று சொல்லி முடித்தபோது, தலைவர் அம்மா பேனாவை மூடி வைத்திருந்தார்.

“செருப்பு கிடைச்சுதா?” என்றார்.

“எங்க வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டாரு மேடம்.”

அடிக்குறிப்பு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார். தூசி என்றார்.

தலைவர் அம்மா முடிவு சொன்னார். ஏழாவது விதி, காதால் கேட்டுப் போட்ட குறியைக் காக்கத்தான். ஃபோனில் கேட்டுப் போட்டதைக் காக்க அல்ல. ஆகவே முப்பத்தொன்றும் செல்லாது. ஆம்புலன்ஸ்காரர் சொன்னது ஒருவருக்குப் புரிந்து, அவர் மூலம் இன்னும் இரண்டு பேருக்குப் புரிந்துவிட்டதால் அவர் பாஸ். மற்ற முப்பது பேரும் அடுத்த வாரம் மறுபடி வர வேண்டும். கேட்கப் போவது சாவியக்காவேதான். அவருடைய ஃபோன் அந்த வாரம் முழுக்க இந்த மேசை டிராயரில் இருக்கும்.

“மேடம், வேற யாரையாவது…”

“வேற யாரு? தோட்டக்காரருக்குக் காது கேட்காது. உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு பேரேட்டுல நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

சாவியக்காவுக்கு அதை எழுத இருபது நிமிடம் ஆனது. ‘இவர் சொன்னது எனக்குப் புரிந்தது. மற்றவர்கள் சொன்னதை எனக்கு முன்பே வேறொருவர் சொல்லிவிட்டார். அதனால் அவர்களுக்குப் புரிந்ததா, எனக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தவறு என்னுடையது.’ கையெழுத்துப் போடும்போது பழக்கதோஷத்தில் ‘சாவியக்கா’ என்று ஆரம்பித்து, அடித்துவிட்டுச் சம்பளச் சீட்டுப் பெயரைப் போட்டார். படித்துப் பார்த்த சார், “என் வாழ்நாள்ல நான் இவ்வளவு தெளிவா ஒரு பக்கம் எழுதினதில்லை” என்றார்.

மறுபரீட்சை அறிவிப்பை ஒட்டும் வேலையும் சாவியக்காவுடையதுதான். ஒட்டி முடிப்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“அக்கா, நீங்களுமா?” என்றான் ராஜா ஓவியத்துப் பையன்.

“நானும்தான் கண்ணு.”

“எந்த ஆப் அக்கா? அதிகாரத்தோட குறியீடுன்னு என்னோடது நாலு பாராவுக்கு அப்புறம்தான் சொல்லிச்சு. உங்களோடது வேகமா இருந்துச்சு.”

கடிகாரத்துப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. “மறுபடி உங்களுக்குப் புரியலைன்னா என்னக்கா பண்றது?”

“நிறுத்து, மறுபடி சொல்லுன்னு கேட்பேன். நீ ஓடாம சொல்லு. பத்து நிமிஷம் பத்தலைன்னா சார்கிட்ட இன்னும் பத்து வாங்கிக்கலாம். எனக்கும் பயம்தான் பாப்பா.”

மதியம் ஒரு மணிக்கு ஆம்புலன்ஸ்காரர் வந்தார். வேலைச் சீருடையிலேயே வந்திருந்தார். வண்டி வாசலில் நின்றது. யாரோ ஃபோனில் செய்தி சொல்லியிருக்க வேண்டும். நேரே சாவி அறைக்கு வந்து நின்றார். சாவியக்கா எழுந்தார்.

“தம்பி, பாஸ் ஆயிட்டீங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நேத்து நான் உங்களுக்குப் புரியலைன்னுதான் போட்டேன்.”

“தெரியும்கா. பேனா வலது பக்கம் போறதைப் பார்த்தேன்.”

“பார்த்துட்டா சும்மா எழுந்து போனீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்றது? புரியலைங்கறவங்ககிட்ட, இல்ல உங்களுக்குப் புரிஞ்சுதுன்னு சண்டை போடவா? சொன்னது சரியில்லைன்னுதான் நினைச்சேன். வண்டி ஓட்டிட்டே எங்க தப்பு விட்டேன்னு யோசிச்சு யோசிச்சு, ரெண்டு இடத்துல திரும்ப வேண்டிய தெருவை விட்டுட்டேன். நல்லவேளை, பின்னால யாரும் இல்லை.”

“உங்க மேல தப்பே இல்லை. நீங்க சொல்லும்போது நான் வேற ஒருத்தர் சொன்னதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய்த்தான் உங்களுதைக் கேட்டேன். மன்னிச்சிடுங்க.”

அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். கோபிப்பார் என்று எதிர்பார்த்த சாவியக்கா கைகளைப் பிசைந்துகொண்டார்.

“தலைவர் அம்மாகிட்ட நீங்க முழுக்கச் சொன்னீங்களாமே. நான் ஆறு நிமிஷம்தான் சொன்னேன். நீங்க எவ்வளவு நேரம் சொன்னீங்க?”

“கடிகாரம் பார்க்கலை தம்பி. பதினஞ்சு இருக்கும்.”

“அப்போ ஒன்பது நிமிஷம் நீங்களா சேர்த்தது.” சிரித்தார். “எனக்கும் ஒருதரம் சொல்லுங்களேன். பட்டம் வாங்கினது எதுக்குன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்.”

“கிண்டல் பண்ணாதீங்க.”

“நிஜமாத்தான்க்கா. அதை நான் இதுவரைக்கும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னதே நேத்துத்தான்.”

சாவியக்கா அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வராந்தாவிலிருந்து ஆரம்பித்தார் சாவியக்கா. டார்ச் அடித்துத் தேடிய இடம் வந்தபோது வாசலில் நின்ற வண்டியிலிருந்து ஒயர்லெஸ் கரகரத்தது. அவர் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, “மீதியை வந்து கேட்டுக்கறேன்க்கா. விட்ட இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஓடினார்.